60 லிட்டர் அக்கானி காய்ச்ச எந்த கேஸ் பர்னர்?

கருக்குமட்டை (விளவங்கோடு)

சீசன் தொடங்கப் போகிறது. விறகு கிடைப்பதும் குறைந்து, விலையும் ஏறிக்கொண்டிருப்பதால் இந்த முறை கருப்பட்டி காய்ச்ச கேஸ் அடுப்பு போடலாமா என்று யோசனை. விவரம் இதுதான்:

ஒரு நாளுக்கு 60 லிட்டர் அக்கானி, அதாவது சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் பதநீர். வாய் 75 செ.மீ., ஆழம் 30 செ.மீ. உள்ள இரும்புத் தகட்டு வார்ப்பு (அகல வாய்ப் பாத்திரம்) இருக்கிறது. இடம் இரண்டு பக்கம் திறந்த தகரக் கொட்டகை. மாலையில் மேல்காற்று நன்றாக அடிக்கும்.

கோட்டாறில் பாத்திரக் கடைகளில் பார்த்ததில் மூன்று வகை. ஒற்றை ஜெட் (கேஸ் பீச்சும் சிறு துளை) வைத்து 'ஸ்ஸ்' என்று இரைச்சலாக எரியும் உயர் அழுத்த பர்னர், இரண்டு வளையமுள்ள வார்ப்பிரும்பு பர்னர், பத்துப் பதினைந்து பித்தளை முனை வைத்த பர்னர். இணையத்தில் தேடினால் வெளிநாட்டில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் எழுதியதுதான் அதிகம் வருகிறது. மணிக்கு 55,000 பி.டி.யூ. (வெப்ப அளவு) போதும் என்று ஒருவர், 2,00,000 வேண்டும் என்று இன்னொருவர். நம் சிலிண்டருக்கு இந்தக் கணக்கு பொருந்துமா? எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

---

நீலச்சுடர்

முதலில் பி.டி.யூ.வை கேஸ் கிலோவாக மாற்றிக்கொள்ளுங்கள், குழப்பம் பாதி தீரும். ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் ஏறக்குறைய 46 மெகாஜூல். மணிக்கு ஒரு கிலோ எரிக்கும் பர்னர் என்றால் 12.8 கிலோவாட், அதாவது சுமார் 43,500 பி.டி.யூ. அந்தக் கணக்கில் 55,000 என்பது மணிக்கு ஒன்றேகால் கிலோ. 2,00,000 என்பது மணிக்கு 4.6 கிலோ.

இனி சிலிண்டர் பக்கம் வாருங்கள். சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அது ஆவியாக வேண்டுமானால் வெளிக்காற்றின் சூட்டை சிலிண்டர் சுவர் வழியாக இழுக்க வேண்டும். நிறைந்த 19 கிலோ சிலிண்டர் நம்மூர் வெயிலில் தொடர்ச்சியாக மணிக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை தரும். அதற்கு மேல் இழுத்தால் சிலிண்டர் குளிர்ந்து, வெளியே வேர்த்து, பிறகு வெள்ளையாகப் பனி படியும். அழுத்தம் விழும், சுடர் சுருங்கும். கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்து சிலிண்டரை மாற்றுவார்கள். தூக்கிப் பார்த்தால் பாதி கனம் இருக்கும்.

வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவது பெரும்பாலும் சுத்த புரொப்பேன். அது −42 டிகிரியிலேயே கொதிக்கும், குளிர் நாட்டிலும் அழுத்தம் தாங்கும். நம் சிலிண்டரில் வருவது புரொப்பேன், பியூட்டேன் கலவை. பியூட்டேன் கொதிநிலை −0.5 டிகிரி. புரொப்பேன் முதலில் கூடுதலாகப் போய்விடுவதால் சிலிண்டரின் கடைசிக் காலில் பியூட்டேனே மிஞ்சி நிற்கும். அப்போது பெரிய பர்னர் எல்லாம் திணறும்.

அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று. பீர் காய்ச்சுகிறவர் 20 லிட்டர் சாற்றைக் கொதிக்க வைத்து ஒரு மணி நேரம் வைத்திருப்பார். வற்றுவது மூன்று நான்கு லிட்டர்தான். சீக்கிரம் கொதி வரவேண்டும் என்பதே அவருடைய கவலை. அதற்குத்தான் பெரிய பர்னர் கேட்கிறார். உங்கள் வேலை கொதிக்க வைப்பதல்ல, வற்ற வைப்பது. 60 லிட்டரில் 53 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போக வேண்டும்.

கணக்கு போடுகிறேன். 60 லிட்டரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 17 மெகாஜூல். 53 லிட்டரை ஆவியாக்க, லிட்டருக்கு 2.26 வீதம், 120 மெகாஜூல். மொத்தம் 137. திறந்த அடுப்பில் பாத்திரத்துக்குள் போய்ச் சேரும் சூடு, காற்று மறைப்பு நன்றாக இருந்தால் 45 சதவீதம். அப்படியானால் எரிக்க வேண்டியது 300 மெகாஜூலுக்குச் சற்று மேல், அதாவது ஆறரை முதல் ஏழு கிலோ கேஸ். கிடைப்பது 8 கிலோ சொச்சம் கருப்பட்டி. கிலோவுக்கு 800 கிராம் கேஸ் என்று வையுங்கள். 19 கிலோ சிலிண்டர் மூன்று நாள் முழுதாக வராது. இன்றைய வணிக சிலிண்டர் விலையை 19-ஆல் வகுத்து 0.8-ஆல் பெருக்கினால் ஒரு கிலோ கருப்பட்டிக்கு எரிபொருள் செலவு எவ்வளவு என்று வந்துவிடும். விலை மாதம் முதல் தேதி மாறும், அதனால் நான் எண் போடவில்லை. கட்டுமா என்று நீங்களே பாருங்கள்.

சுருக்கமாக மனக்கணக்கு வேண்டுமென்றால், ஒரு கிலோ கேஸ் ஒன்பது லிட்டர் தண்ணீரை வற்ற வைக்கும். பர்னர் பெரிதானால் நேரம்தான் குறையும், கேஸ் குறையாது.

---

கூப்பனி

நீலச்சுடர் கணக்கு சரிதான். அதனாலதான் சொல்லுதேன் மக்கா, முழுசும் கேஸ்ல காய்ச்சாதே. கட்டாது.

அக்கானி கூப்பனி ஆகுறவரைக்கும் விறகு எரியட்டும். அந்தக் கட்டம் முரட்டு வேலை. தீ கொஞ்சம் கூடினாலும் குறைஞ்சாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது, நிறைய தண்ணி இருக்கு, சூடு 100-ஐ விட்டு நகராது. கருக்குமட்டை, காய்ஞ்ச ஓலை, தென்னமட்டை, ரப்பர் கம்பு எது கெடச்சாலும் போடலாம். 60 லிட்டர் பத்துப் பதினொண்ணு லிட்டரா வத்துனதும் தெர்மாமீட்டர் 103, 104 காட்டும். கரண்டியில அள்ளிச் சாய்ச்சா சொட்டு சொட்டா விழாம நூலா இறங்கும். அதுதான் கூப்பனி.

அதுக்குப் பிறகுதான் கேஸ். அங்க இருந்து 118 டிகிரி வரைக்கும் போகணும், அதுல கடைசி அஞ்சு நிமிசம்தான் எல்லாம். விறகடுப்புல பதம் வந்த நேரத்துல தீயை நிறுத்த முடியுமா? கொள்ளியை வெளிய இழுத்தாலும் கனல் கெடக்கும். வார்ப்பைத் தூக்கி இறக்கணும், ரெண்டு ஆள் வேணும். அதுக்குள்ள 118, 122 ஆகி அடி பிடிச்சுக் கசப்பு ஏறிடும். கேஸ்ல வால்வைத் திருப்புனா முடிஞ்சுது. கேஸ் அடுப்போட உண்மையான லாபம் அது ஒண்ணுதான், நேரம் இல்லை.

இன்னொரு விசயம், 75 செ.மீ. வார்ப்புல பத்து லிட்டர் கூப்பனி நின்னா ஆழம் ரெண்டரை செ.மீ.கூட வராது. அதுல நேரா சுடர் பட்டா கருகாம என்ன செய்யும். பக்கச் சுவர்ல தெறிச்சு ஒட்டுன பாகும் காய்ஞ்சு கருகி, செதில் செதிலா உதிர்ந்து உள்ள விழும். கருப்பட்டியில பல்லுல படுற கறுப்புத் துணுக்கு அதுதான். அதனால கூப்பனியைத் துணியில வடிகட்டி 40 அல்லது 45 செ.மீ. வாயுள்ள உருளிக்கு மாத்து. ஆழம் ஏழெட்டு செ.மீ. நிக்கும், தெர்மாமீட்டர் முனையும் அடியில முட்டாம பாகுக்குள்ள முங்கி நிக்கும். ஆனா உருளி 30 செ.மீ. ஆழமாவது இருக்கணும், கூப்பனி பொங்குறது அக்கானி பொங்குற மாதிரி இல்லை, மூணு மடங்கு எழும்பும். ரெண்டு ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டா அடங்கும். இல்லாட்டி ஒரு துண்டு தேங்காயை நசுக்கிப் போடு.

இனி உனக்கு பர்னர் எது வேணும்னு பாரு. 75 செ.மீ. வார்ப்புக்கு இல்லை, 45 செ.மீ. உருளிக்கு. ஆளே மாறிப்போச்சு இல்லியா.

---

கருக்குமட்டை

கூப்பனி அண்ணாச்சி, இது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் மழை பெய்து விறகு நனைந்துபோன நாளில் முழுதும் கேஸில் காய்ச்ச வேண்டி வந்தால்? இரண்டுக்கும் ஆகிற மாதிரி ஒரே பர்னர் இருக்கிறதா? வீட்டில் அலுமினிய அண்டா ஒன்று பெரிதாக இருக்கிறது, அதை உருளிக்குப் பதில் வைக்கலாமா?

---

கூப்பனி

அலுமினியம் வேண்டவே வேண்டாம். அக்கானியில சுண்ணாம்பு கெடக்கு, சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும். சோறு பொங்குற அண்டாதானேன்னு நினைக்காதே. இரும்பு, வெண்கலம், கனமான எவர்சில்வர் இதுல ஒண்ணு. எவர்சில்வர்னா அடி மூணு மி.மீ.க்குக் குறையாம பாரு, மெல்லிசா இருந்தா சூடு பரவாது, சுடர் பட்ட வட்டம் அப்படியே அடியில கருகிக் கெடக்கும்.

---

சாலைத்தெரு

நான் திருவனந்தபுரம் பக்கம், சத்யைக்கு (கேரள விருந்து) பாயசம் வைக்கிற வார்ப்புகளுக்கு அடுப்பு அடிக்கிற வேலை. பாயசமும் உங்கள் பாகும் அடுப்புக்கு ஒரே பிரச்சினைதான், அடி பிடிக்கும். பர்னர் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒற்றை ஜெட் உயர் அழுத்த பர்னர் உங்களுக்கு ஆகாது. அது சூட்டை ஒரு சாண் வட்டத்தில் குவிக்கும். தார் உருக்க, பெரிய அண்டாவில் வெந்நீர் போட நல்லது. பாகுக்கு வைத்தால் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் விழும். சிலர் அதற்குமேல் ஆறு மி.மீ. இரும்புத் தகடு போட்டு சூட்டைப் பரப்புவார்கள். பரவும், ஆனால் தகட்டைச் சூடாக்கவே கேஸ் போகும், வால்வை மூடின பிறகும் தகடு விடாமல் சுட்டுக்கொண்டே இருக்கும். அப்புறம் கூப்பனி சொன்ன லாபம் எங்கே?

பித்தளை முனை பர்னரைச் சிலர் ரொம்பப் புகழ்வார்கள். சுடர் நன்றாகப் பரவும், உண்மை. ஆனால் பாகு பொங்கி வழிந்தால் ஒவ்வொரு முனையிலும் போய் உறையும். 15 முனையையும் கழற்றி வெந்நீரில் ஊறப்போட வேண்டும். நாலு முனை அடைத்தால் அந்தப் பக்கம் சூடில்லை. இறக்குமதிச் சரக்கில் சில குழாய்வழி இயற்கை எரிவாயுவுக்கான துளையோடு வரும். அந்தத் துளை எல்.பி.ஜி.க்குப் பெரிது, மஞ்சளாகப் புகைந்து பாத்திரம் கரி பிடிக்கும்.

உங்களுக்கு இரண்டு வளைய வார்ப்பிரும்பு பர்னர்தான். வாங்கும்போது பார்க்க வேண்டியது நாலு.

ஒன்று, இரண்டு வளையத்துக்கும் தனித்தனி வால்வு இருக்க வேண்டும். ஒரே வால்வில் இரண்டும் எரிகிற பர்னரும் அதே விலைக்கு வைத்திருப்பார்கள், எடுக்காதீர்கள். உள்வளையம் மட்டும் சிறுதீயில் அணையாமல் எரிகிறதா என்று கடையிலேயே எரித்துக் காட்டச் சொல்லுங்கள். பர்னரின் உச்ச சூட்டைக் கேட்டு வாங்குகிறவர்தான் அதிகம். பாகு காய்ச்சுகிறவர் கேட்க வேண்டியது அடிமட்ட சூடு.

இரண்டு, வளையத்தின் விட்டம். வெளிவளையம் 20, 22 செ.மீ. போதும், 45 செ.மீ. உருளிக்கு ஏறக்குறைய பாதி. அதற்கு மேல் போனால் சுடர் அடியைத் தாண்டிப் பக்கச் சுவரில் ஏறும். முன்னே சொன்ன செதில் கருகல் அதிலிருந்துதான்.

மூன்று, துளைகள். வார்ப்பில் விட்ட துளையா, டிரில் போட்ட துளையா என்று தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் சுடர் ஒரு பக்கம் சாயும். விளிம்பில் துளை இருக்கும் வளையம், மேல்பக்கம் துளை இருப்பதைவிட நல்லது, வழிந்தது உள்ளே இறங்காது.

நான்கு, ஜெட். இதைக் கழற்றிப் பார்த்தே வாங்குங்கள். வீட்டு ரெகுலேட்டர் தரும் அழுத்தம் 30 மில்லிபார். அந்த அழுத்தத்தில் ஒரு மி.மீ. ஜெட் மணிக்கு 280 கிராம் சொச்சம் விடும், இரண்டு மி.மீ. ஜெட் ஒரு கிலோவுக்கு மேல் விடும். துளை இரட்டித்தால் கேஸ் நாலு மடங்கு. உள்வளையத்துக்கு ஒரு மி.மீ.யும் வெளிவளையத்துக்கு ஒன்றரை மி.மீ.யும் இருந்தால் இரண்டும் சேர்ந்து மணிக்கு 900 கிராம் வரும். ஒற்றை சிலிண்டர் தாங்குகிற அளவு. உயர் அழுத்த ரெகுலேட்டரில் கதையே வேறு, அதே ஒரு மி.மீ. ஜெட் சதுர செ.மீ.க்கு அரை கிலோ அழுத்தத்தில் மணிக்கு ஒரு கிலோவை எட்டும். அதனால் குறைந்த அழுத்த பர்னரை உயர் அழுத்த ரெகுலேட்டரில் மாட்டவே கூடாது. சுடர் வளையத்தை விட்டு எழும்பி ஆளுயரத்துக்கு நிற்கும்.

முழுதும் கேஸில் காய்ச்சுகிற நாளைக்காகப் பெரிய பர்னர் வாங்காதீர்கள். இதே பர்னரை இரண்டு வளையமும் திறந்து பெரிய வார்ப்புக்கு வைத்தால் மணிக்கு எட்டு லிட்டர் வற்றும். நாள் முழுக்க எரியும், உண்மைதான். அதற்கு 30 லிட்டர் வீதம் இரண்டு பர்னர் வைப்பது ஒரு பெரிய பர்னரைவிட நல்லது, சிலிண்டரும் ஆளுக்கொன்று.

---

கருக்குமட்டை

ரொம்ப நன்றி சேட்டா. பர்னருக்கும் பாத்திரத்துக்கும் இடைவெளி எவ்வளவு? ஸ்டாண்டு வெல்டிங்கில் அடித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். காற்றுக்கு நாலு பக்கமும் தகடு வைத்து அடைத்துவிடலாமா?

---

சாலைத்தெரு

குறைந்த அழுத்த வளைய பர்னருக்கு, முழுதும் திறந்து எரியும்போது நீலச் சுடரின் முனை பாத்திர அடியைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். உள்ளே தெரியும் கூர்மையான வெளிர்நீலக் கூம்பு அடியில் முட்டக் கூடாது. முட்டினால் சுடர் அங்கேயே குளிர்ந்து முழுதாக எரியாமல் கரியும் கார்பன் மோனாக்சைடும் வரும். இடைவெளி ஆறிலிருந்து எட்டு செ.மீ.க்குள் எங்கோ அமையும். பர்னர் தாங்கும் தட்டை நாலு போல்ட்டில் ஏற்றி இறக்குகிற மாதிரி வையுங்கள், எரித்துப் பார்த்துவிட்டு முடுக்கிக்கொள்ளலாம்.

ஸ்டாண்டுக்கு 35 மி.மீ. ஆங்கிள், ஐந்து மி.மீ. கனம். வார்ப்பும் 60 லிட்டரும் சேர்ந்து 100 கிலோவை எட்டும், அதனால் கால்களைக் கீழே சற்று விரித்து நாலையும் அடியில் பட்டையால் சேர்த்துவிடுங்கள். பாத்திரத்தின் வாய் இடுப்புக்குக் கீழே நிற்க வேண்டும். நெஞ்சளவு உயரத்தில் பாகு கிண்டுவது ஆபத்து.

காற்று மறைப்பு வேண்டும், ஆனால் அடைப்பு வேண்டாம். பாத்திரத்தைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விட்டு தகட்டை வளைத்து வையுங்கள். கீழே பத்து செ.மீ. திறந்திருக்கட்டும், காற்று உள்ளே வர அதுதான் வழி. மேலே சூடான புகை போக அந்த இரண்டு விரல் இடைவெளி. மறைப்புக்குள் பர்னர் மட்டும்தான். ஹோஸும் வால்வும் வெளியே வரவேண்டும், சிலிண்டர் அதற்கும் ஒன்றரை மீட்டர் தள்ளி.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை. 20 லிட்டர் தண்ணீரை 30-லிருந்து 90 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், சிலிண்டரைத் தராசில் முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். கால் கிலோ கேஸ் போனால் அடுப்பு நன்றாக அமைந்திருக்கிறது. 400 கிராம் போனால் இடைவெளி அதிகம், அல்லது காற்று சூட்டை வாரிக்கொண்டு போகிறது.

---

நீலச்சுடர்

சுடர் பேசும் மொழியையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கடையில் சொல்லித்தர மாட்டார்கள்.

மஞ்சளாக நீண்டு ஆடினால் காற்று குறைவு. பர்னர் குழாயின் வாயில் இருக்கும் காற்றுத் தட்டை மெல்லத் திறவுங்கள், மஞ்சள் போய் நீலம் வந்ததும் நிறுத்துங்கள். சுடர் துளையை விட்டு எழும்பி, அடியில் இடைவெளி தெரிந்து, ஊதுகிற சத்தம் கேட்டால் காற்று அதிகம் அல்லது அழுத்தம் அதிகம். சிறுதீக்குக் குறைக்கும்போது 'டப்' என்று சுடர் உள்ளே போய் ஜெட்டின் வாயிலேயே எரியத் தொடங்கினால், கேஸ் வெளியே வரும் வேகத்தைவிடச் சுடர் உள்ளே ஓடும் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். உடனே வால்வை மூடுங்கள். அப்படியே எரியவிட்டால் குழாய் சிவந்து ஜெட் கெடும். ஆறினதும் காற்றுத் தட்டைக் கொஞ்சம் மூடிவைத்து மறுபடி பற்றவையுங்கள்.

சுடர் சிறிதாக இருக்கிறது என்று ஜெட்டை டிரில்லால் பெரிதாக்கித் தருகிற ஆட்கள் சந்தைக்குச் சந்தை இருக்கிறார்கள். துளை ஒரு மி.மீ.யிலிருந்து 1.2 ஆனாலே கேஸ் 44 சதவீதம் கூடும், இழுக்கிற காற்று அந்த அளவுக்குக் கூடாது, மஞ்சளாக எரியும். சூடு வேண்டுமென்றால் பெரிய பர்னர் வாங்குங்கள், ஜெட்டைத் தொடாதீர்கள்.

சிலிண்டர் விஷயம். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை விற்பனைக்குக் காய்ச்சுகிற வேலைக்கு வைப்பது சட்டப்படி தப்பு, 19 கிலோ வணிக இணைப்பு எடுங்கள். ரெகுலேட்டர் வாங்குமுன் சிலிண்டரின் வாயைப் பாருங்கள். சிலவற்றில் வீட்டு சிலிண்டர் போல அமுக்கி மாட்டுகிற வால்வு, சிலவற்றில் கையால் திருகுகிற வால்வு. திருகு வால்வின் மரை இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். வழக்கமாகச் சுற்றுகிற பக்கம் ஸ்பேனர் போட்டு முறுக்கிப் பித்தளை மரையை அழிப்பது இங்கே தினம் நடக்கிறது. உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளும் எல்லை 100 கிலோ, நிறைந்த சிலிண்டர் ஐந்து வரை அதற்குள் அடங்கும்.

ஹோஸ் கம்பி வலை உள்ளே வைத்த ஆரஞ்சு நிறம், ஐ.எஸ். 9573 முத்திரையோடு, அதிலும் உற்பத்தி ஆண்டு பார்த்து. ஐந்து ஆண்டுக்கு மேல் வேண்டாம். பச்சைத் தோட்டக் குழாயை வெந்நீரில் முக்கி ஏற்றுகிற வேலை வேண்டாம். இரண்டு முனையிலும் கிளிப். மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பாருங்கள், தீக்குச்சி வைத்துப் பார்க்காதீர்கள்.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையில் படர்ந்து தாழ்வான இடத்தில் நிற்கும். உங்கள் கொட்டகையில் விறகடுப்புக்குக் குழி தோண்டியிருப்பீர்கள், அந்தக் குழிதான் கேஸ் தேங்குகிற இடம். விறகில் கூப்பனி எடுத்துவிட்டு அதே கொட்டகையில் கேஸ் பற்றவைப்பதானால் சிலிண்டர் விறகடுப்புக்கு எதிர்மூலையில், மேட்டில், திறந்த பக்கத்தில் நிற்கட்டும். கனல் அணைந்த பிறகு சிலிண்டரைத் திறப்பது இன்னும் நல்லது. கூப்பனியை வடிகட்டுகிற நேரத்துக்குள் தண்ணீர் தெளித்து அணைத்துவிடலாம்.

பனி படிந்தால் சிலிண்டரைச் சாய்க்கவோ படுக்க வைக்கவோ கூடாது. திரவமே ஹோஸுக்குள் வரும், சுடர் பந்தாக வெடித்து எழும். சாதாரணத் தண்ணீர் நிறைந்த அகலத் தட்டில் நிமிர்த்தி வைத்தால் போதும். வெந்நீர் ஊற்றுவதும் பக்கத்தில் தீ மூட்டுவதும் பைத்தியக்காரத்தனம்.

---

கூப்பனி

பர்னர் எல்லாம் சரி, ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு. கருப்பட்டி உறையலைன்னா எல்லாரும் முதல்ல அடுப்பைத்தான் குத்தம் சொல்லுவாங்க. தீ பத்தலைன்னு இன்னும் காய்ச்சி, 124, 125 வரைக்கும் ஏத்தி, கறுப்பா ஒரு கட்டி கெடைக்கும், ரெண்டு நாள்ல மறுபடி இளகி ஒட்டும்.

சிக்கல் கலயத்துல. சுண்ணாம்பு பத்தாம அக்கானி புளிக்கத் தொடங்கியிருந்தா சர்க்கரை உடைஞ்சு போயிருக்கும், உடைஞ்ச சர்க்கரை கட்டியாகாது. அதுக்கு எந்த அடுப்பும் மருந்து இல்லை. பி.எச். காகிதம் ஒரு கட்டு வாங்கி வையு. இறக்குன அக்கானி எட்டுக்குப் பக்கத்துல காட்டணும். ஏழுக்குக் கீழ போனதை மத்ததோட கலக்காதே, தனியா எடுத்துப் பாகாவே வித்துரு. சுண்ணாம்பு கூடிப்போனாலும் கெடுதல், நிறம் கறுத்துக் காரல் அடிக்கும்.

அக்கானியைத் தெளிய வெச்சு மேலாக்குல இறு. அடியில நிக்கிற சுண்ணாம்பு வண்டலை வார்ப்புல ஊத்துனா அது அடியில படிஞ்சு அதுமேல பாகு ஒட்டிக் கருகும். பர்னர் சூடு சமமா இல்லைன்னு நினைச்சு நீ வளையத்தை மாத்திக்கிட்டு இருப்ப.

கடைசிக் கட்டம் கேஸ்ல இப்படி. உருளியில கூப்பனி ஊத்துனதும் ரெண்டு வளையமும் திற. 110 வரைக்கும் அப்படியே போகட்டும், துடுப்பு போட்டு அடியைத் தொட்டுக் கிண்டிக்கிட்டே இரு. 110-ல வெளிவளையத்தை மூடு. குமிழி பெருசா இருந்தது சின்னதாகி, சத்தமும் 'தளதள'ன்னு இருந்தது 'பொத்பொத்'னு மாறும். 116-ல உள்வளையத்தையும் பாதிக்குக் குறை. ஒரு சொட்டைப் பச்சைத் தண்ணியில விட்டு உருட்டிப் பாரு, கையில உருண்டு நின்னு, தட்டுல போட்டா 'டிக்'னு கேட்டா மூடிரு. கனமான உருளி அதுக்குப் பிறகும் ஒரு டிகிரி ஏத்தும், அதனால 117-லயே மூடுனாலும் தப்பில்லை. மூடுன பிறகு துடுப்பால அரைச்சுக் கிண்டு, ஓரத்துல வெளுத்து மணல் மாதிரி வரத் தொடங்குனதும் நனைச்சு வெச்ச சிரட்டையில ஊத்து.

மொத்தம் முக்கால் கிலோ கேஸ்தான் போகும். அப்படிப் பார்த்தா சிலிண்டர் ஒண்ணு 25 நாள் வரும்.

---

கருக்குமட்டை

அப்படியானால் இரண்டு வளையம், தனி வால்வு, 22 செ.மீ., வீட்டு அழுத்த ரெகுலேட்டர். சீசன் முடிந்து ஆறேழு மாதம் சும்மா கிடக்குமே, வார்ப்பிரும்பு துருப்பிடிக்காதா?

---

சாலைத்தெரு

மேல்துரு எரித்தால் போய்விடும், கவலை வேண்டாம். வெந்நீரில் கழுவிக் காயவைத்து தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள். பயப்பட வேண்டியது குளவிக்கு. காற்றுத் தட்டு இருக்கிற குழாய்க்குள் மண்குளவி கூடு கட்டும், சிலந்தி வலை பின்னும். வெளியே ஒன்றும் தெரியாது. சீசனில் பற்றவைத்ததும் மஞ்சளாக எரியும், சில வேளை காற்று வாயிலேயே தீ வெளியே வரும். எடுத்து வைக்கும்போது குழாயின் வாயைத் துணியால் இறுகக் கட்டுங்கள். மறுபடி மாட்டும்முன் பாட்டில் கழுவுகிற நீள பிரஷ்ஷை உள்ளே விட்டு இழுத்துவிட்டு, ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாகத் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் மெல்லிய செம்புக் கம்பி ஒரு இழை போதும். எஃகு ஊசி விட்டால் துளை பெரிதாகிவிடும்.

ரெகுலேட்டரையும் ஹோஸையும் கொட்டகையில் விடாதீர்கள். எலிக்கு ரப்பர் என்றால் உயிர்.